வீட்டு நாய் உறுமுகிறதா? புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேற்று வரை மடியில் தலை வைத்துத் தூங்கிய நாய், இன்று சோற்றுத் தட்டுப் பக்கம் யாராவது போனால் உறுமுகிறது. வீட்டில் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "ரெண்டு அடி போட்டா அடங்கிடும்" என்று ஒரு கட்சி. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேச்சையும் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். உறுமும் நாய்களில் பெரும்பாலானவற்றோடு பத்திரமாக வாழ முடியும். அதற்குக் கொஞ்சம் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உறுமலுக்காக நாயைத் தண்டிக்காதீர்கள். "இதற்கு மேல் நெருங்காதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல நாயிடம் இருக்கும் சத்தமான வழி உறுமல்தான். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பயமும் பதற்றமும் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் நேராகப் பல் பதியும். "எந்த எச்சரிக்கையும் இல்லாம கடிச்சிடுச்சு" என்று சொல்பவர்களின் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் அந்த எச்சரிக்கையை வீட்டுக்காரர்களே அடித்து நிறுத்தியிருப்பார்கள்.

நாய் உறுமினால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான்: அப்படியே நில்லுங்கள், பார்வையைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மெதுவாக விலகுங்கள். இப்படி விலகினால் நாய் "ஜெயித்துவிட்டது" என்று ஆகாது. சண்டை பெரிதாகாமல் தடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். காரணத்தைப் பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

உறுமலுக்கு முன்னால் நடப்பவை

தெரிந்தவர் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை இந்தியன் ஸ்பிட்ஸ். சோபாவுக்கு அடியில் அது படுத்திருந்தபோது, விருந்துக்கு வந்த ஒரு சிறுவன் குனிந்து கையை நீட்டினான். மணி முதலில் முகத்தை மறுபக்கம் திருப்பியது. பையன் இன்னும் உள்ளே நீட்டினான். நாக்கை வெளியே விட்டு மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது, அப்புறம் ஒரு கொட்டாவி. பெரியவர்கள் "பாவம், தூக்கம் வருது" என்று சிரித்தார்கள். காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரிந்தது. பிறகு உடம்பு முழுவதும் விறைத்து, மூச்சு வாங்குவதுகூட நின்றது. அதன் பிறகுதான் உறுமல். அதற்குள் பாட்டி பையனைப் பின்னால் இழுத்துவிட்டதால் கடி விழவில்லை.

அரை நிமிடத்துக்குள் மணி ஐந்தாறு முறை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. அங்கே இருந்த பெரியவர்களுக்குக் கேட்டது கடைசி ஒன்று மட்டும். புதிதாக நாய் வளர்ப்பவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். முகம் திருப்புதல், மூக்கை நக்குதல், தூக்கம் இல்லாத நேரத்துக் கொட்டாவி, எழுந்து விலகிப் போதல், காது பின்னால் போதல், வாலைக் கால்களுக்கு இடையில் செருகுதல், உடம்பு விறைத்தல், இமைக்காமல் முறைத்தல், உதட்டைத் தூக்கிப் பல் காட்டுதல். இதில் உடம்பு விறைப்பதை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். கடிக்கு மிக அருகில் இருக்கும் அறிகுறி அது.

வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வாலாட்டுது, ஒன்னும் செய்யாது" என்பது ஆபத்தான நம்பிக்கை. இடுப்பே ஆடும்படி தளர்வாக ஆட்டினால் நட்பு. வாலை உயரத் தூக்கி, விறைப்பாக, வேகமாக ஆட்டினால் நாய் கிளர்ந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் கிட்டப் போகக் கூடாது.

முதல் வேலை: இன்றிலிருந்து கடி விழாமல் பார்த்துக்கொள்வது

பழக்குவது, திருத்துவது எல்லாம் பிறகு. நாய் எந்தச் சூழ்நிலையில் உறுமுகிறதோ அந்தச் சூழ்நிலை உருவாகாமல் இன்றே தடுத்துவிடுங்கள். சாப்பிடும்போது உறுமினால் ஒரு அறையில் கதவைச் சாத்திச் சாப்பாடு வையுங்கள். விருந்தாளியைப் பார்த்து எகிறினால், அவர்கள் வருவதற்கு முன்பே பின்னறைக்குக் கூட்டிப்போய் மெல்லுவதற்கு ஏதாவது கொடுங்கள். கட்டிலில் ஏறிக்கொண்டு முறைத்தால் படுக்கையறைக் கதவு மூடியே இருக்கட்டும். ஒவ்வொரு முறை எகிறும்போதும் அந்தப் பழக்கம் கெட்டிப்படுகிறது. எகிறாமல் கழியும் நாட்களே பாதி மருந்து.

வாய்மூடி வாங்கி வைப்பது நல்லது. கடையில் மஸில் என்று கேட்டால் கொடுப்பார்கள். துணியில் இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம். அதைப் போட்டால் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது. நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வதே மூச்சிரைத்துத்தான் என்பதால், நம் ஊர் வெயிலுக்கு அது உயிருக்கே ஆபத்து. கூடை போன்ற அமைப்புள்ளதை வாங்குங்கள். அதில் நாய் தண்ணீரும் குடிக்கலாம். கடைக்குப் போன அன்றே மாட்டிவிடாதீர்கள். கூடைக்குள் ஒரு துண்டு கோழிக்கறி வைத்து நாயே மூக்கை நுழைக்கும்படி பல நாட்கள் பழக்கிவிட்டு, அதற்கப்புறம் வாரை மாட்டுங்கள்.

இரண்டாவது: மருத்துவர்

வளர்ந்த நாயின் குணம் திடீரென்று மாறினால் முதல் சந்தேகம் வலியின் மேல் விழ வேண்டும். காதுக்குள் சீழ், ஆடும் பல், வயதான நாயின் மூட்டுவலி, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு, உண்ணிக் காய்ச்சல், மங்கும் கண் பார்வை என எது வேண்டுமானாலும் இருக்கலாம். காதில் வலி உள்ள நாயின் தலையைத் தடவினால் அது உறுமத்தான் செய்யும். காதைச் சரிசெய்தால் "ஆக்ரோஷம்" காணாமல் போய்விடும். பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்பு கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உள்ளூரில் திருப்தியில்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சையகங்களுக்குக் கொண்டுபோகலாம்.

வலிக்கிறது போலிருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ இப்யூபுரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

இன்னொன்று நம் நாட்டில் மறக்கவே கூடாதது. குண மாற்றத்தோடு எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, குரல் மாறுதல், தள்ளாட்டம், எதைக் கண்டாலும் கவ்வுதல் ஆகியவை சேர்ந்தால் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். நாயைத் தனியறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இதில் மட்டும் நாள் தள்ளாதீர்கள்.

மூன்றாவது: ஒரு நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு முறை உறுமும்போதும் எழுதுங்கள். நேரம், இடம், யார் இருந்தார்கள், எவ்வளவு தூரத்தில், நாயிடம் என்ன இருந்தது, அதற்கு முன்னால் அன்று என்ன நடந்தது. இரண்டு வாரம் எழுதினாலே ஒரு ஒழுங்கு புலப்படும். "எல்லாரையும் பார்த்து உறுமுது" என்று நினைத்திருப்பீர்கள். எழுதிப் பார்த்தால் ஹெல்மெட் போட்டவர்களையும் தடி ஊன்றி நடப்பவர்களையும் மட்டும்தான் என்று தெரியவரலாம். அல்லது, பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்த அன்று மாலையில் மட்டும் என்று இருக்கும். பதற்றங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். காலையில் தெருநாய் துரத்தியது, மதியம் ஊசி, மாலையில் வீடு நிறைய விருந்தாளிகள் என்றால், மற்ற நாளில் பொறுத்துக்கொள்ளும் ஒன்றை அன்று பொறுக்காது. அப்படிப்பட்ட நாளில் நாயைத் தனியாக, அமைதியாக விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுத் தட்டு

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். "சின்ன வயசிலிருந்தே தட்டுக்குள்ள கையை விட்டுப் பழக்கணும், அப்பத்தான் உறுமாது" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சாப்பிடும்போது ஒருவர் வந்து உங்கள் இலையிலிருந்து தினமும் வடையை எடுத்துக்கொண்டு போனால், அவரைக் கண்டதும் நீங்களும் இலையைக் கையால் மறைப்பீர்கள். நாய் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: மனிதர் கிட்டே வந்தால் சாப்பாடு குறையாது, கூடும்.

முதல் வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் தட்டை வைத்துவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள். நாய் அவசரமில்லாமல் சாப்பிட ஆரம்பிக்கட்டும்.

அடுத்து தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாய் சாப்பிடும்போது தள்ளி நின்று பாருங்கள். எந்த இடத்தில் நீங்கள் நின்றால் அது தலையைத் தளர்வாக அசைத்து, அதே வேகத்தில் சாப்பிடுகிறதோ அதுதான் உங்கள் தொடக்கக் கோடு. எட்டடியாக இருக்கலாம், பதினைந்து அடியாகவும் இருக்கலாம். உறுமினால்தான் அதிக நெருக்கம் என்று நினைக்காதீர்கள். உங்களைக் கண்டதும் வேகவேகமாக விழுங்குவது, தட்டின் மேல் கவிழ்ந்துகொள்வது, வாயைத் தட்டிலேயே வைத்தபடி கண்ணை மட்டும் உங்கள் பக்கம் சுழற்றுவது ஆகிய மூன்றும் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம்.

இப்போது அந்தக் கோடு வரை நடந்து போய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றைத் தட்டின் பக்கமாக எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். தட்டில் தயிர்ச்சோறு என்றால் எறிவது வேகவைத்த கோழிக்கறித் துண்டாக இருக்கட்டும். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகவே ஆகாது. திரும்பி நடப்பது முக்கியம். நீங்கள் தட்டுக்காக வரவில்லை என்பதை நாய் அதில்தான் புரிந்துகொள்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று நான்கு தடவை போதும்.

சில நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் நாய் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, "எங்கே என் கறி" என்று உங்களைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகு அரையடி நெருங்குங்கள். வராவிட்டால் அதே இடத்திலேயே இருங்கள். மறுபடி விறைத்தால் இரண்டடி பின்னால் போய்த் தொடங்குங்கள். இது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. சில நாய்களுக்கு மாதங்களும் ஆகும். வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரியவரும் தனித்தனியாக, முதல் கோட்டிலிருந்தே செய்ய வேண்டும். அம்மா கிட்டே போகலாம் என்பதால் அப்பாவும் போகலாம் என்று ஆகாது. குழந்தைகளை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டாம்.

செருப்பு, எலும்பு, பொம்மை எதையாவது கவ்விக்கொண்டு தர மறுத்தால் துரத்தாதீர்கள், வாயைப் பிளக்காதீர்கள். கொஞ்சம் தள்ளிக் கறித்துண்டுகளைத் தூவுங்கள். நாய் விட்டுவிட்டு வந்ததும், அது தின்று கொண்டிருக்கும்போது பொருளை எடுங்கள். ஆபத்தில்லாத பொருள் என்றால் மறுபடியும் அதனிடமே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய் இறுக்கிப் பிடிக்காது.

கேட், சங்கிலி, தெரு

கேட்டில் நின்று எகிறும் நாயை அதன் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சிலிண்டர்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். கூரியர் வருகிறார், குரைக்கிறது, போய்விடுகிறார். அவர்கள் வேலை முடிந்து போகிறார்கள் என்பது நாய்க்குத் தெரியாது. தன் குரைப்புதான் விரட்டியது என்று தினமும் நாலு தடவை நிரூபணமாகிறது. முதலில் கேட் கம்பிகளுக்குத் தகடோ பாயோ கட்டி வெளியே தெரியாமல் மறையுங்கள். அப்புறம் வீட்டு ஆளே வெளியே நின்று மணியடிக்கட்டும். மணி அடித்ததும் நாயைப் பின்பக்கம் விரித்த ஒரு சாக்குப் படுக்கைக்குக் கூட்டிப்போய் அங்கே கறி கொடுங்கள். மணிச்சத்தம் கேட்டால் அந்தப் படுக்கைக்கு ஓட வேண்டும் என்று நாயே முடிவுசெய்யும் அளவுக்குப் பழகிய பிறகுதான் உண்மையான விருந்தாளி. வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாயை உற்றுப் பார்க்க வேண்டாம், தலைக்கு மேல் கை நீட்ட வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும்.

காவலுக்கு என்று பகல் முழுவதும் வாசலில் சங்கிலியில் கட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். பயம் வந்தால் விலகி ஓட நாய்க்கு ஒரு வழி வேண்டும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பாய்வது ஒன்றுதான். ராஜபாளையம், கோம்பை போன்ற நம் காவல் இனங்களையும், ஓடி வேட்டையாடுவதற்காகவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி இனங்களையும் நாலடிச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு "ரொம்ப மூர்க்கம்" என்று குறை சொல்வது நியாயமே இல்லை. காலையும் மாலையும் நன்றாக நடக்கவோ ஓடவோ விடுங்கள்.

நடக்கப் போகும்போது தெருநாய்களைப் பார்த்து எகிறினால், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் அதற்கும் போய்ச் சேரும். எதிரே நாயைக் கண்டதும், உங்கள் நாய் விறைப்பதற்கு முன்பே, தெருவைக் கடந்துவிடுங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். தூரத்தில் இன்னொரு நாய் தெரியும்போதெல்லாம் ஒரு கறித்துண்டு கொடுத்துக்கொண்டே வந்தால், நாள் போகப் போக அந்தத் தூரம் சுருங்கும். இரண்டு நாய்கள் சண்டையில் பின்னிக்கொண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது நடுவே ஒரு பலகையைச் செருகுங்கள்.

"நீதான் தலைவன்னு காட்டு" என்பவர்களிடம்

நாயைக் கவிழ்த்துப் போட்டு அமுக்கு, கழுத்தைப் பிடித்து உலுக்கு, முள்பட்டை போடு, ஷாக் பட்டை போடு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதன் வேர் 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வில் இருக்கிறது. ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்ளும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அவர் பார்த்தது, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டபோது நடந்த சண்டைகளை. காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் தெளிவாகவே எழுதிவிட்டார். தலைவன் என்ற கருத்தைப் பரப்பியதில் முன்பு அவருக்கும் பங்கு உண்டு. பயத்தில் உறுமும் நாயை அமுக்கினால் பயம் கூடும், கடியும் கூடும். அப்படிச் சொல்லும் ஆளிடம் நாயை ஒப்படைக்காதீர்கள்.

கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஆண் நாய்கள் ஊர் சுற்றுவதும் தங்களுக்குள் மோதுவதும் குறையலாம். பயத்தால் வரும் உறுமல் அதனால் போகாது.

குழந்தைகள் இருக்கும் வீடு

குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நாய்தான். உயரம் குறைவு என்பதால் கடி முகத்தில் விழுகிறது. சின்னக் குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாய் என்றாலும் சரி. தூங்கும் நாயை எழுப்பக் கூடாது, சாப்பிடும் நாயைத் தொடக் கூடாது, கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு இந்த மூன்றும் போதும். நாய்க்கும் ஒரு மூலை வேண்டும். அது அங்கே போய்ப் படுத்தால் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

இனிமேல்தான் குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். மூன்றிலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பயமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ அது வாழ்நாள் முழுவதும் உதவும். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டாவது தெரு, பைக், குடை, தாடிக்காரர், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

கடித்துவிட்டால்

சொந்த நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று விட்டுவிடாதீர்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணி, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அது முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சட்டமும் உண்டு. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விட்டு மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது, அவற்றைக் கட்டாமல் விட்டிருந்ததுதான் முதல் கேள்வியாக எழுந்தது. பெரிய நாய் வைத்திருப்பவர்கள் மாநகராட்சி உரிமம், கயிறு, வாய்மூடி மூன்றையும் சுமையாக நினைக்க வேண்டாம்.

ஒரு முறை ஆழமாகக் கடித்த நாய், காரணமே புரியாமல் எகிறும் நாய், குழந்தையைக் குறிவைத்து முறைக்கும் நாய் என்றால் நீங்களாகப் பயிற்சியைத் தொடராதீர்கள். நாய் நடத்தையில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சில நாய்களுக்குப் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்து தருவார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது. எல்லாம் செய்தும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், தெருவில் கொண்டுபோய் விடாதீர்கள். அனுபவமுள்ள, குழந்தை இல்லாத வேறொரு வீட்டைத் தேடுங்கள். கொடுக்கும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து, எப்போது, யாரை, எதற்காகக் கடித்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.